முதல் வீடு வாங்கும்போது எது முதன்மை?

குடும்பப் பாடம்



வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று நம் பெரியவர்கள் இரண்டையும் சேர்த்தே சொன்னார்கள். காரணமில்லாமல் சொல்லவில்லை. இரண்டிலும் கைப்பணம் கரைகிறது. இரண்டிலும் சுற்றத்தார் பேச்சு பலமாய் இருக்கிறது. இரண்டிலும் ஒருமுறை முடிவு செய்தால் அதன் பலனை வெகுகாலம் அனுபவிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் பெண் பார்க்கப் போகும்போது குலம் கோத்திரம் வரையில் விசாரிக்கிற நாம், வீடு பார்க்கப் போகும்போது தரையின் பளபளப்பையும் சுவரின் வர்ணத்தையும் பார்த்து அன்று மாலையே முன்பணம் கொடுத்து விடுகிறோம். பின்பு இருபது வருஷம் வருந்துகிறோம்.

ஆகையால், முதல் வீடு வாங்க நினைக்கும் தம்பதிகள் எதை முதலில் பார்க்க வேண்டும், எதைக் கடைசியில் பார்க்கலாம் என்பதை இந்தப் பாடத்தில் முறையாகச் சிந்திப்போம். தமிழ்நாட்டில் வாழும் நடுத்தரக் குடும்பங்களை மனதில் வைத்தே இங்கு எழுதுகிறோம்.

பொது விதி

விதி ஒன்றுதான். அதை மனதில் பதித்துக் கொள்ளுங்கள்: பின்னால் திருத்த முடியாததை முன்னால் பார்க்க வேண்டும், பின்னால் திருத்தக் கூடியதைப் பின்னால் பார்த்தால் போதும்.

சுவரின் வர்ணம் பிடிக்கவில்லையா? அடுத்த வருஷம் மாற்றலாம். சமையலறை சிறிதா? கையில் பணம் சேர்ந்தபின் பெரிதாக்கலாம். ஆனால் விற்றவனுக்கே சொந்தமில்லாத மனையை வாங்கிவிட்டால் அதைத் திருத்த முடியுமா? ஏரிக்குள் இருக்கும் நிலத்தை மேட்டுக்குத் தூக்கி வைக்க முடியுமா? தாங்க முடியாத கடனுக்குக் கையெழுத்திட்டபின் அதை வர்ணம் மாற்றுவதுபோல் மாற்ற முடியுமா? முடியாது. ஆகவே முதலாவது உரிமை, இரண்டாவது கடனின் அளவு, மூன்றாவது நிலமும் நீரும், நான்காவது தூரம், ஐந்தாவது கட்டிடம் என்று வரிசைப்படுத்திக் கொள்வோம். நம்மில் அநேகர் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கிறோம். துன்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலாவது: உரிமை

வீடு என்பது செங்கல்லும் சிமெண்டுமல்ல. சட்டத்தின் கண்ணில் வீடு என்பது உரிமை. அந்த உரிமை விற்பவரிடம் பழுதில்லாமல் இருந்தால்தான் நமக்கு வரும். தன்னிடம் இல்லாததை ஒருவர் பிறருக்குக் கொடுக்க முடியாது.

ஆகையால் முதலில் கேட்க வேண்டியது தாய்ப்பத்திரம். விற்பவர் அந்தச் சொத்தை யாரிடமிருந்து பெற்றார், அவர் யாரிடமிருந்து பெற்றார் என்று சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தொட்டுப் பார்க்க வேண்டும். குறைந்தது முப்பது வருஷத்துக்காவது சங்கிலி அறுபடாமல் வரவேண்டும். அதோடு வில்லங்கச் சான்று எடுக்க வேண்டும். பதிவுத்துறையின் இணையதளத்தில் இதை வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

ஆனால் வில்லங்கச் சான்றில் ஒன்றுமில்லை என்றதும் நிம்மதியாய்த் தூங்கிவிடக் கூடாது. அது பதிவான விவகாரங்களை மட்டுமே காட்டும். பதிவு செய்யாத உயிலை அது காட்டாது. வாய்மொழியாய் நடந்த பாகப்பிரிவினையைக் காட்டாது. வெளியூரில் இருக்கும் வாரிசைக் காட்டாது. நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கு அதில் தெரியாமலே இருக்கலாம். ஆகவே அந்த ஊரில் சொத்து விவகாரம் பார்க்கும் நல்ல வக்கீல் ஒருவரிடம் மூலப் பத்திரங்களைக் காட்டி, அவர் கருத்தை எழுத்தில் வாங்குவது அவசியம். விற்பவரோ தரகரோ கூட்டிவரும் வக்கீல் போதாது. நாம் பணம் கொடுத்து நாம் அமர்த்தும் வக்கீல் வேண்டும்.

பட்டாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டா வருவாய்த் துறையின் பதிவு; அது மட்டுமே முழு உரிமைக்கு ஆதாரமாகாது. ஆனால் அதைப் பார்க்காமலும் இருக்கக் கூடாது. பத்திரத்திலுள்ள சர்வே எண்ணும், உட்பிரிவும், அளவும் பட்டாவோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு சென்ட் என்பது சுமார் 435 சதுர அடி; ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. பத்திரத்தில் ஐந்து சென்ட், தரையில் அளந்தால் நாலரை சென்ட் என்றால், அந்த அரை சென்டுக்கும் சேர்த்துத்தான் நீங்கள் விலை கொடுக்கிறீர்கள். சர்வேயரைக் கொண்டு அளந்து, கல் நட்டபின் பேசுங்கள்.

புறம்போக்கு, நீர்நிலை, கோயில் நிலம், வக்பு நிலம், பூமிதான நிலம் ஆகியவற்றை எவ்வளவு மலிவாய்க் கொடுத்தாலும் தொடக் கூடாது. பஞ்சமி நிலத்தையும் குறிப்பாய்ச் சொல்ல வேண்டும். 1892 முதல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று அரசு ஒப்படைத்த நிலங்கள் அவை. பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுக்கப்பட்டவை. அப்படிப்பட்ட நிலத்தைப் பிறர் வாங்குவது சட்டப்படி நிலைக்காது. நியாயப்படியும் அது ஏழையின் பங்கை விழுங்குவதேயாகும்.

மனைப்பிரிவு என்றால் அங்கீகாரம் உண்டா என்று பார்க்க வேண்டும். சென்னைப் பகுதியில் பெருநகர் வளர்ச்சிக் குழுமமும், மற்ற ஊர்களில் நகர ஊரமைப்பு இயக்ககமும் இதற்குப் பொறுப்பு. 2016 அக்டோபர் 20-ந் தேதிக்கு முன் உண்டான அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் ஒரு திட்டம் வந்தது. விற்பவர் "அதெல்லாம் ஆகிவிடும்" என்று சொன்னால் போதாது. ஆகிவிட்டது என்பதற்கான உத்தரவைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும்.

அடுக்குமாடி வீடு வாங்குவோர், நிலத்தில் தமக்குரிய பிரிக்கப்படாத பங்கு எத்தனை சதுர அடி என்று கேட்க வேண்டும். 2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் அந்தத் திட்டம் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மனையின் பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேலோ, வீடுகள் எட்டுக்கு மேலோ இருந்தால் பதிவு கட்டாயம். பதிவான ஒப்பந்தம் இல்லாமல் விலையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. வீட்டை ஒப்படைத்தபின் ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிய வந்தால், கட்டியவரே தம் செலவில் சரிசெய்து கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இந்த உரிமைகளை அறியாதவர்களே அதிகம்.

அதிகாரப் பத்திரத்தை, அதாவது பவர் பத்திரத்தை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு வீடு கிடைத்துவிட்டதாக எண்ணுவோரும் உண்டு. அப்படிப்பட்ட விற்பனையால் உரிமை மாறாது என்று 2011-ல் உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பதிவான கிரயப் பத்திரமே உரிமையைக் கொடுக்கும்.

சகோதரியின் பங்கு

இந்தத் தலைப்பில் நம் குடும்பங்களுக்கென்றே சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. கிறிஸ்தவக் குடும்பத்தில் தகப்பனார் உயில் எழுதாமல் இறந்தால், 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி அவர் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு விதவைக்கும், மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கும் சேரும். மகன், மகள் என்ற வேற்றுமை அதில் இல்லை, எல்லாருக்கும் சமபங்கு. இந்துக் குடும்பங்களிலும் பெண்மக்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்குண்டு. தமிழ்நாட்டில் 1989-லும், இந்தியா முழுவதும் 2005-லும் சட்டம் அவ்விதம் திருத்தப்பட்டது.

ஆனால் நாட்டு வழக்கம் என்ன? "தங்கச்சிக்கு நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாயிற்று, அவளுக்கு இதில் ஒன்றுமில்லை" என்று அண்ணன் தம்பிமார் சேர்ந்து விற்றுவிடுகிறார்கள். வாங்குகிறவரும் சரியென்று வாங்கிவிடுகிறார். பத்து வருஷம் கழித்து அந்தத் தங்கையோ அவள் பிள்ளைகளோ வழக்குத் தொடுக்கிறார்கள். அப்போது அழுவது யார்? விற்றவர் பணத்தோடு போய்விட்டார். வாங்கியவரே நீதிமன்றப் படி ஏறுகிறார்.

ஆகையால் வாரிசுச் சான்றைக் கேளுங்கள். அதில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும்; அல்லது முன்னதாகவே முறையான விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்திருக்க வேண்டும். மைனர் பிள்ளையின் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி உண்டா என்று வக்கீலிடம் கேளுங்கள். இது உங்கள் பாதுகாப்புக்காக மட்டுமல்ல. ஒரு பெண்ணின் பங்கை அவளுக்குத் தெரியாமல் விற்கும்போது வாங்குகிறவரும் அந்த அநியாயத்தில் பங்கு கொள்கிறார். அப்படி வந்த வீட்டில் எவ்விதம் மனநிம்மதியாய்க் குடியிருப்பது?

இரண்டாவது: கடனின் அளவு

கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்ற உவமையை நாம் கோவிலில் கேட்டிருக்கிறோம். கேட்டதை இங்கே செய்து பார்ப்போம்.

வீட்டின் விலை 25 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பாங்கி 20 லட்சம் கடன் தருகிறது. மீதி 5 லட்சம் கையிலிருந்து போக வேண்டும். இதோடு கணக்கு முடிந்ததா? இல்லை. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2, ஆக நூற்றுக்கு 9. இருபத்தைந்து லட்சத்துக்கு இது 2,25,000 ரூபாய். பொதுவாய்ப் பாங்கிக் கடனில் இது அடங்காது. கையிலிருந்தே போக வேண்டும். ஆகவே கையில் இருக்க வேண்டியது 5 லட்சமல்ல, 7,25,000. வக்கீல் கட்டணம், சில்லறை மராமத்து, குடிபோகும் செலவு எல்லாம் அதற்கும் மேலே. அநேகர் இங்கேதான் அகப்பட்டுக்கொண்டு, கடைசி வாரத்தில் மனைவியின் தாலிச்சங்கிலி வரை அடகு வைத்து, அதுவும் போதாமல் மீட்டர் வட்டிக்காரனிடம் போகிறார்கள். பாங்கிக் கடன் வருஷ வட்டி. அந்தக் கடன் நாள் வட்டி. முன்பணத்துக்காக வட்டிக்காரனிடம் போகிற நிலை வந்தால், அந்த வீட்டுக்கு இன்னும் காலம் வரவில்லை என்றே அர்த்தம்.

இனி மாதத் தவணை. 20 லட்சம் ரூபாய், வருஷம் நூற்றுக்கு 9 வட்டி, 20 வருஷம் என்றால் மாதம் சுமார் 18,000 ரூபாய் கட்ட வேண்டும். முதல் மாதத் தவணையில் 15,000 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது சுமார் 3,000-தான். இருபது வருஷத்தில் மொத்தம் கட்டுவது 43 லட்சத்துக்கும் மேல். அதே கடனை 15 வருஷத்தில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 20,300. மொத்தம் சுமார் 36,50,000. மாதம் 2,300 ரூபாய் கூடுதலாய்க் கட்டுவதால் மிச்சமாவது ஆறரை லட்சத்துக்கு மேல்.

வட்டி நிலையாயிராது என்பதையும் மறக்க வேண்டாம். 2022 மே மாதம் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் பாங்கி தன் வட்டியை 4-லிருந்து 6.5 ஆக உயர்த்தியது. வீட்டுக் கடன் வாங்கியவர்கள் அதை நன்றாய் உணர்ந்தார்கள். மேலே சொன்ன கடனுக்கு ஆரம்பத்திலேயே வட்டி 9-லிருந்து 10 ஆகி, தவணையை உயர்த்தாமல் அதே 18,000 கட்டிவந்தால், 20 வருஷக் கடன் சுமார் 26 வருஷக் கடனாகிவிடும். நாற்பது வயதில் வாங்கியவர் அறுபத்தாறு வயதுவரை கட்ட வேண்டும். சம்பளம் அறுபதோடு நின்றுவிடுமே!

குடும்ப வருமானம் மாதம் 45,000 என்றால், 18,000 தவணை போக மீதி 27,000. அதில் அரிசி, பள்ளிக் கட்டணம், பெற்றோரின் மருந்து, பஸ், நல்லது கெட்டது எல்லாம் நடக்க வேண்டும். ஆகவே ஓர் அளவு சொல்கிறோம்: மாதத் தவணை வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமலிருக்கட்டும். குடிபோன பிறகும் ஆறு மாதக் குடும்பச் செலவுக்குரிய பணம் தொடாமல் இருக்கட்டும். இருவர் சம்பளத்தை நம்பிக் கடன் வாங்கினால், ஒரு சம்பளம் ஒரு வருஷம் நின்றாலும் சமாளிக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பிரசவம் வரலாம், வேலை போகலாம், தகப்பனார் படுக்கையில் விழலாம். பாங்கி எவ்வளவு தரும் என்பது ஒரு கேள்வி. நாம் எவ்வளவு தாங்குவோம் என்பது வேறு கேள்வி. இரண்டாம் கேள்விக்குப் பாங்கி பதில் சொல்லாது. நாமே சொல்ல வேண்டும்.

மூன்றாவது: நிலமும் நீரும்

வாசல் எந்தத் திசை என்று பார்க்கிறவர்கள் அநேகர். மழைத்தண்ணீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்க்கிறவர்கள் சிலரே. 2015 டிசம்பரில் சென்னையும் அதன் சுற்றுப்புறமும் வெள்ளத்தில் மூழ்கியபோது, புதிதாய் வாங்கிய வீட்டின் மாடிக்கு ஏறி நின்றவர்கள் எத்தனை பேர்! 2023 டிசம்பரில் முதலில் சென்னையிலும், இரண்டு வாரத்துக்குள் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் வெள்ளம் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. மழையைத் தடுக்க நம்மால் முடியாது. பள்ளத்தில் வீடு வாங்காமலிருக்க முடியும்.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. மனையை ஐப்பசி கார்த்திகையில், அடைமழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். பால்காரரையும், டீக்கடைக்காரரையும், அந்தத் தெருவில் இருபது வருஷம் வசிக்கும் பாட்டியையும் கேளுங்கள். தரகர் சொல்லாததை அவர்கள் சொல்லுவார்கள். அக்கம்பக்கத்துச் சுற்றுச்சுவரில் பழைய வெள்ளக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். இடத்தின் பெயரையும் கவனியுங்கள். தாங்கல், ஏந்தல், கண்மாய் என்றால் நம் முன்னோர் அங்கே தண்ணீரைத் தேக்கி வைத்திருந்தார்கள் என்றே பொருள். பெயர் மாறி "நகர்" என்று பலகை வைத்தாலும் தண்ணீர் தன் பழைய இடத்தை மறப்பதில்லை.

அதேபோல் சித்திரை வைகாசியில் ஒருமுறை போய்க் குடிநீரைப் பாருங்கள். 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வற்றிப்போய், லாரித் தண்ணீருக்காக நள்ளிரவில் காத்திருந்ததை நகரவாசிகள் மறக்கவில்லை. கிணறு எத்தனை அடி, ஆழ்துளைக் கிணறு எத்தனை அடி, தண்ணீர் உப்பா நல்லதா, குழாய்த் தண்ணீர் எத்தனை நாளுக்கொருமுறை வருகிறது என்று கேளுங்கள். ஒரு வாய் குடித்தும் பாருங்கள். சாக்கடை எங்கே போய்ச் சேருகிறது என்றும் பாருங்கள். வீட்டுக்குப் போகும் பாதை பொதுப் பாதையா, அல்லது இன்னொருவர் நிலத்தின் வழியாகவா என்பதையும் பத்திரத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பாதையில்லாத வீடு கதவில்லாத பெட்டி போன்றது.

நான்காவது: தூரம்

ஊருக்கு வெளியே போனால் விலை குறையும், உண்மைதான். ஆனால் அந்த விலைக் குறைவுக்கு வேறு ஒரு நாணயத்தில் பணம் கட்டுகிறோம். அந்த நாணயம் நேரம். வேலைக்குப் போக ஒரு மணி, வர ஒரு மணி கூடினால், மாதம் 25 நாளுக்கு 50 மணி; வருஷத்துக்கு 600 மணி. இருபத்துநாலு மணியை ஒரு நாளாய்க் கணக்கிட்டால் முழுதாய் 25 நாள் பஸ்ஸிலேயே போய்விடும். பிள்ளைகள் எழுமுன் புறப்பட்டு, அவர்கள் தூங்கியபின் திரும்பும் தகப்பனுக்கு வீடு எதற்கு? அவன் வாங்கியது படுக்கை மாத்திரமே.

ஆகவே ஒரு நாள் காலை எட்டு மணிக்கு, அந்த வீட்டிலிருந்து உங்கள் வேலைத்தலத்துக்குப் பஸ்ஸிலேயே போய்ப் பாருங்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சந்தை, கோவில், வயதான பெற்றோர் வசிக்கும் இடம் ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் என்று எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுப் பெண்கள் இரவு எட்டு மணிக்கு பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வரும் பாதையில் விளக்கு உண்டா என்றும் பாருங்கள். இதை ஆண்கள் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

ஐந்தாவது: கட்டிடம்

கட்டிடம் கடைசியில் வருவதால் அற்பமென்று நினைக்க வேண்டாம். கட்டிடத்திலும் திருத்தக் கூடியது, திருத்த முடியாதது என்று இரண்டுண்டு. தரை ஓடு, வர்ணம், கதவு, அலமாரி, குளியலறைக் குழாய் திருத்தக் கூடியவை. அஸ்திவாரம், தூண், கூரைத் தளம், காற்றும் வெளிச்சமும் வரும் வழி திருத்த முடியாதவை, அல்லது பெருஞ்செலவில் திருத்துபவை. 2014 ஜூன் மாதம் சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டிடம் இடிந்து விழுந்து 61 பேர் மாண்டார்கள். பூச்சு வேலை அழகாயிருப்பது தூணின் பலத்துக்குச் சாட்சியல்ல.

பழைய வீடென்றால் கூரையின் அடிப்பாகத்தைப் பாருங்கள். சிமெண்டு பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால் இஞ்சினீயரைக் கூப்பிடுங்கள். புதிதாய் வர்ணமடித்த வீடானால் மழைக்குப்பின் ஒருமுறை பாருங்கள். ஓதம் எந்த வர்ணத்துக்கும் அடங்காது. அனுமதி பெற்ற வரைபடத்தை வாங்கி, கட்டியிருப்பது அதன்படி இருக்கிறதா என்று பாருங்கள். வரைபடத்தில் ஒரு மாடி, தரையில் இரண்டு மாடி என்றால், மேல்மாடிக்குக் கொடுக்கும் பணம் ஆபத்தில் இருக்கிறது.

தம்பதிகள் ஆலோசிக்க வேண்டிய முறை

வீடு பார்க்கத் தொடங்குமுன், கணவன் ஒரு தாளிலும் மனைவி ஒரு தாளிலும் தனித்தனியே எழுதுங்கள். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்க வேண்டாம். "இது இல்லாமல் முடியாது", "இது இருந்தால் நல்லது", "இது இல்லாவிட்டாலும் பரவாயில்லை" என்று மூன்று பத்தி. முதற் பத்தியில் ஐந்துக்குமேல் எழுதக் கூடாது. பிறகு சேர்ந்து உட்கார்ந்து ஒப்பிடுங்கள். கணவன் முதற் பத்தியில் கார் நிறுத்துமிடம் எழுதியிருப்பார். மனைவி தண்ணீர் என்று எழுதியிருப்பாள். அந்த வித்தியாசம் தவணை கட்டத் தொடங்கியபின் வெளிவருவதைவிட, தாளில் வெளிவருவது நல்லதல்லவா? உங்களோடு வசிக்கப்போகும் பெற்றோரையும் கேளுங்கள். படியேற முடியாத அம்மாவுக்கு மூன்றாம் மாடி வீடு சிறையாகிவிடும்.

பத்திரத்தில் இருவர் பெயரும் இருக்கட்டும் என்பது நம் ஆலோசனை. நகையை விற்றுப் பாதிப் பணம் கொடுத்த மனைவிக்குப் பெயரளவிலாவது பாதி வீடு வேண்டாமா? 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் மதிப்புக்குட்பட்ட சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் நூற்றுக்கு ஒன்று குறைத்தும் அரசு சலுகை கொடுத்தது.

சில ஆட்சேபங்கள்

"வாடகை கொடுப்பது வீண் பணமல்லவா?" வீண் அல்ல. வாடகைக்குப் பதிலாக வசிக்க இடம் கிடைக்கிறது. தவணையிலும் முதல் சில வருஷம் பெரும்பாகம் வட்டிக்கே போகிறதை மேலே பார்த்தோம். தகுதியான வீடு அகப்படும்வரை வாடகை வீட்டில் இருப்பது வெட்கமல்ல. தவணைக்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தை மாதந்தோறும் இப்போதே சேமித்துப் பாருங்கள். ஒரு வருஷம் தவறாமல் முடிந்தால், உங்களால் கடன் தாங்க முடியும் என்பதற்கு அதுவே நல்ல சோதனை.

"பத்திரத்தில் பாதி விலை எழுதி, மீதியைக் கையில் கொடுத்தால் செலவு குறையுமே?" செலவு குறைவதுபோல் தோன்றும். ஆனால் அது அரசை ஏமாற்றுவது. அன்றியும் விற்பனை கெட்டுப்போனால் பத்திரத்திலுள்ள தொகைக்கு மட்டுமே உங்களிடம் ருசு இருக்கும். பிற்பாடு நீங்கள் விற்கும்போது லாபம் பெரிதாய்த் தெரிந்து வரியும் கூடும். பொய்யை அஸ்திவாரமாகப் போட்டு வீடு தொடங்க வேண்டாம்.

"முன்பணம் கொடுத்தாயிற்றே, இனி எப்படிப் பின்வாங்குவது?" ஐம்பதாயிரம் போய்விடுமே என்று பயந்து இருபத்தைந்து லட்சத்தைக் கொண்டுபோய்ப் போடுவதா? முன்பணம் கொடுக்குமுன், உரிமையில் பழுது தெரிந்தால் முழுத்தொகையும் திருப்பித் தரப்படும் என்று ஒப்பந்தத்தில் எழுதி, அந்த ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். "இன்றைக்கே கொடுக்காவிட்டால் வேறொருவர் வாங்கிவிடுவார்" என்று அவசரப்படுத்தினால், வாங்கட்டும் என்று விட்டுவிடுங்கள்.

"எல்லாம் சரியாயுள்ள வீடு எங்கே கிடைக்கும்?" எங்கும் கிடைக்காது. அதனால்தான் வரிசை வேண்டும் என்கிறோம். முதல் மூன்றில் விட்டுக்கொடுக்க வேண்டாம். நான்காவதில் யோசித்து விட்டுக்கொடுக்கலாம். ஐந்தாவதில் தாராளமாய் விட்டுக்கொடுக்கலாம். சிறிய வீடு, பழைய தரை, சாதாரணக் கதவு. ஆனால் பத்திரம் சுத்தம், கடன் அளவு, தண்ணீர் நல்லது. அப்படிப்பட்ட வீட்டைக் கண்டு உறவினர் உதட்டைப் பிதுக்கினால் பிதுக்கட்டும். மாதம் முதல் தேதியில் தவணை கட்டப்போவது அவர்களல்ல.

குடும்பத்தில் சிந்திக்கச் சில கேள்விகள்

1. நாம் பார்த்து வைத்திருக்கும் வீட்டில் நம்மை முதலில் கவர்ந்தது எது? அது திருத்தக் கூடியதா, திருத்த முடியாததா?

2. விற்பவர் குடும்பத்தில் எல்லா வாரிசுகளும், முக்கியமாய்ப் பெண்மக்கள், கையெழுத்திடச் சம்மதித்திருக்கிறார்களா? நம்முடைய சொந்தக் குடும்பத்தில் சகோதரிகளின் பங்கு நியாயமாய்க் கொடுக்கப்பட்டதா?

3. ஒருவர் சம்பளம் ஒரு வருஷம் நின்றால் தவணை எங்கிருந்து வரும்?

4. அடைமழையிலும் கடுங்கோடையிலும் அந்த இடம் எப்படியிருக்கும் என்று யாரிடம் கேட்டோம்?

5. இந்த வீட்டை நாம் வாங்க விரும்புவது குடியிருக்கவா, அல்லது பிறர் பார்க்கவா?

இந்த வாரத் தீர்மானம்: கணவனும் மனைவியும் தனித்தனித் தாளில் மூன்று பத்தி எழுதி, ஞாயிற்றுக்கிழமை மாலை சேர்ந்து படித்துப் பார்ப்பது. அதுவரையில் யாருக்கும் முன்பணம் கொடுக்காமலிருப்பது.